யாரை அனுப்பலாம்?

"கொட்டாவிக்குப் பதவி உயர்வாம்!"

அலுவலகமே வாயைப் பிளந்தது. ஃபைலைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற அந்த எழுத்தருக்கு அந்தப் பெயரை வைத்ததே அதிகாரிதான்.

அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பென்ஷன் பிரிவே அவள் தோளில்தான் நின்றது. பக்கவாதம் வந்த கணவர் தலைநகரில் படுக்கையில், இவள் இங்கே. தலைமை அலுவலகமும் அங்கேதான்; அந்தப் பதவி உயர்வு கிடைத்திருந்தால் அவர் பக்கத்திலேயே போய் இருந்திருப்பாள்.

"விடுடீ. நம்ம தலையெழுத்து" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தலையெழுத்தா? நல்லா காக்கா பிடிச்சிருக்கான்க்கா அந்தாளு!"

அக்காவுக்கு உதவியாக இருந்த சின்னப் பெண் விருட்டென்று எழுந்தாள். சேர்ந்து மூன்று வருஷமாகியும் தற்காலிகம். வாய் மட்டும் நிரந்தரம்.

நேராக அதிகாரி அறை.

"சார், யாரை அனுப்பலாம்னு தலைமை அலுவலகம் கேட்டா நீங்கதானே பேர் சொல்றீங்க? எந்த நியாயத்துல அவர் பேரைச் சொன்னீங்க? உங்களுக்குச் சொந்தமா?"

"சொந்தமா! அவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"அப்புறம் ஏன் சார்?"

"அதனாலதாம்மா! விட்டது சனியன். இனிமே அவன் அவங்க தலைவலி. உங்க அக்காவை அனுப்பிட்டு, அவனை வெச்சுக்கிட்டு என்னை இங்க மாரடிக்கச் சொல்றியா?"

அவள் மேஜையை நெருங்கினாள்.

"அப்ப ஒழுங்கா வேலை பார்த்ததுதான் அக்கா செஞ்ச தப்பா? உங்க வசதிக்காக ஒருத்தங்க வாழ்க்கையையே கட்டிப் போடுவீங்களா? இதுக்குப் பேர் நிர்வாகமா சார்?"

அதிகாரி கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"எல்லாப் பிரிவுலயும் நடக்கறதுதான். போன வருஷம் தற்காலிக ஆளுங்கள்ல ஒருத்தரை நிரந்தரமாக்கி வேற அலுவலகத்துக்குக் கேட்டாங்க. உன் பேர்தான் முதல்ல வந்துச்சு. உன் பிரிவாச்சேன்னு உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டேன்."

"அக்கா... என்ன சொன்னாங்க?"

"'அவளுக்கு இன்னும் வேலையே பிடிபடலை சார், வேற யாரையாவது அனுப்புங்க'ன்னாங்க."

சாத்திய கதவுக்கு வெளியே அக்காவின் குரல் கேட்டது.

"ஏய், எங்கடீ போய்த் தொலைஞ்சே? நீ இல்லாம இங்க ஒரு ஃபைல் நகர மாட்டேங்குது!"