தாய்ப்பாசி

மாடி மாடியாய் ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவியே காலம் தள்ளிய செபஸ்தியம்மாளுக்குப் பாசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. சத்து மாத்திரைக்காகப் பாசி வளர்க்கும் சுருள்பாசிப் பண்ணையில் சேர்ந்த முதல் நாளே, கலக்கிவிடச் சொன்ன தொட்டிக்குள் இறங்கி, பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள்.

பண்ணைக்காரர் நல்லகுமார் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை.

"தாய்ப்பாசி இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு. மத்த தொட்டிக்கெல்லாம் இதுலேருந்துதான் எடுத்து விடணும்."

அவள் சேலை ஓரம் மட்டும் இன்னும் பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடிக் குடுவையோடு மண்டியிட்டு அதைப் பிழிந்தார். அடியில் ஒரு விரற்கடை நின்றது.

"இத்துனூண்டு பாசிக்கு வெளிச்சம் வேணும், வெயில் ஆகாது" என்று குடுவையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

பொழுது சாயும்வரை, தன் நிழல் குடுவையை விட்டு விலகாதபடி, அவள் வெயிலோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே நின்றாள்.