புள்ளி வைத்த பந்து

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பந்தின் கதை சொல்கிறேன். மேகம் தரையில் இறங்கி நடக்கும் மலையொன்றில் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே ஒருமுறையாவது ஆடிவிட வேண்டுமென்று சந்தானத்துக்கு முப்பது வருஷத்து ஆசை. கிளம்புகிற வேளையில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். "நீ போய் ஆடு. அந்தப் புல்லுல உருண்ட பந்தை என் கையில கொண்டாந்து கொடு" என்று மனைவி வேதவல்லியை அனுப்பினார். அடையாளத்துக்கு அவரவர் பந்தில் மையால் குறி வைப்பது ஆட்டக்காரர்கள் வழக்கம். கை நன்றாயிருந்த நாளில் அவர் தன் பந்து முழுக்கப் பழுப்புப் புள்ளிகள் வைத்திருந்தார்.

வேதவல்லி அடித்த அந்தப் பந்து, புல்லோரம் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்த குழியில் போய் விழுந்தது. கத்திக்கொண்டு எழுந்த குருவி திரும்பி வந்து, தன் புள்ளி முட்டைகளோடு பந்தையும் வயிற்றுக்கடியில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"வேற பந்து போட்டு ஆடலாம்மா, விதியில இடமிருக்கு" என்றார் மட்டைப் பையைச் சுமந்து வந்த பெஞ்சமின்.

"ஆட்டம் கிடக்கட்டும். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அங்கே நின்றே போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையிலிருந்து குழறலாக ஒரு கேள்வி வந்தது.

"எத்தனை முட்டை?"

"மூணு. உங்களோடதையும் சேர்த்தா நாலு."

"பக்கத்துல நிக்காதே வேதா. பயந்து எழுந்துடும், சூடு ஆறிடும்."

பந்தை அங்கேயே விட்டு வீடு திரும்பிய வேதவல்லி, பந்துக்குப் பதிலாகத் தன் கையை அவர் கையில் வைத்தாள். உங்கள் வீட்டில் யார் படுத்திருந்தாலும், அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை எப்போதும் இருக்கட்டும்.