ஆறு கிலோ

"ஆறு கிலோ ஆகட்டுமாம்! அப்புறம் வந்து கேக்கணுமாம்! இதை எழுதினவன் ஜென்மத்துல ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்கியிருப்பானா?"

நர்ஸ் லொரெய்ன் கடிதத்தை ஓங்கித் தட்டப் போனவள், கைக்குக் கீழே இருப்பது இன்குபேட்டர் என்று கண்டு நிறுத்திக்கொண்டாள். உள்ளே ஹேட்டி வர்பா தூங்கிக்கொண்டிருந்தாள். வயது மூன்று வாரம். எடை ஒரு கிலோ நூறு கிராம்.

இருபத்தேழாவது வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக்குழாய் ஒன்று அவளுக்கு இதயத்தருகே திறந்தே கிடந்தது. அதன் வழியே ரத்தம் நுரையீரலுக்குள் பாய்ந்ததால், அவளுக்காக இயந்திரம்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மருந்து இரண்டு முறையும் பலிக்கவில்லை. தொடையில் ஊசி குத்தி, நூல் போன்ற குழாயை உள்ளே செலுத்தி, பட்டாணியைவிடச் சிறிய கம்பிவலை அடைப்பானால் வியாழக்கிழமை மூடிவிடலாம் என்றார் டாக்டர் சோரன்சன். தையல்கூடக் கிடையாது.

குழந்தை ஆறு கிலோ ஆகும்வரை அதற்குப் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதிவிட்டது.

குழந்தையின் அம்மா டெனீஸ், பீய்ச்சி வைத்த தாய்ப்பால் பாட்டிலில் தேதிச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க லொரெய்ன். திட்டி என்ன ஆகப்போகுது?"

"நீ திட்ட மாட்டேங்கறே, அதான் நான் திட்டறேன். அடைச்சாத்தான் குழந்தைக்கு உடம்பு ஏறும். இவனுங்க உடம்பு ஏறினாத்தான் அடைக்க விடுவானுங்களாம். நெஞ்சைக் கிழிச்சு, விலாவை விரிச்சு அந்த ரத்தக்குழாயைக் கட்டறதுன்னா மட்டும் இப்பவே சரியாம். அதுக்கு எந்தக் கிலோவும் வேண்டாமாம்!"

டெனீஸ் அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

"உன் புருஷன் கர்ட் எங்கே? அவராவது வந்து ரெண்டு சத்தம் போடட்டும்."

"வயோமிங் பக்கம் லாரியில போயிட்டிருக்கார். நாளைக்குத்தான் இங்கே ஒமாஹாவுக்கு வருவார். டாக்டரை அவசர மேல்முறையீடுன்னு போடச் சொல்லுங்க. 'உயிருக்கு ஆபத்து'ங்கற வார்த்தை முதல் வரியிலயே இருக்கணும். அப்பத்தான் எழுபத்திரண்டு மணி நேரத்துல பதில் சொல்லியாகணும். குழந்தைங்க இதய டாக்டர்தான் பார்க்கணும்னும் கேக்கச் சொல்லுங்க. கேக்கலேன்னா, முட்டி ஆபரேஷன் பண்ற யாராவது பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாங்க."

லொரெய்ன் அவளை வியப்போடு பார்த்தாள்.

"அடி கண்ணு! இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

"சும்மா... அங்க இங்க படிச்சதுதான்."

"படிச்சவ இதையும் கேளு." லொரெய்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "'உங்கள் குழந்தையின் நலனில் எங்களுக்கு மிகுந்த அக்கறை உண்டு.' அக்கறையாம்! இந்த அக்கறையைக் கொண்டுபோய் மிசௌரி ஆத்துல போட!"

"அந்த வரி எல்லாக் கடிதத்துலயும் இருக்கும்."

"இருக்கும், இருக்கும். வெட்கம் இருந்தாத்தானே எடுப்பானுங்க. ஆறு கிலோங்கறது பழைய அடைப்பான் காலத்துக் கணக்கு. இப்ப வந்திருக்கற சின்ன அடைப்பானை எழுநூறு கிராம் குழந்தைக்கே போடறோம். அது வந்து எத்தனை வருஷமாச்சு! கம்பெனியோட விதிப் பட்டியல்ல ஒரு எண்ணை மாத்த அந்த மகராசனுக்குக் கை வரலையா?"

"மாத்தணும்னுதான் நினைச்சிருப்பாங்க. வேலை மேல வேலை வந்து தள்ளிப் போயிருக்கும்."

"நீ யாரு பக்கம்டீ? அவனுக்குப் போய் வக்காலத்து வாங்கறே?"

டெனீஸின் காது மடல்கள் சிவந்தன.

"போன வருஷம் இந்த ஒரு வார்டுல மட்டும் மூணு குழந்தைக்கு இதே கடிதம் வந்துச்சு. எழுத்துக்கு எழுத்து இதேதான். ரெண்டு பேரு நெஞ்சுல தழும்போட வீட்டுக்குப் போனாங்க. இன்னொருத்தன்..."

லொரெய்ன் இன்குபேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொருத்தன்?" டெனீஸ் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்கே போகலை."

பாட்டிலில் ஒட்ட வேண்டிய சீட்டு டெனீஸின் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"அவனோட அம்மா பேரு என்ன?"

"அதை நான் சொல்லக் கூடாது. சொல்லி என்ன பண்ணப்போறே?" லொரெய்ன் சுவரோரம் இருந்த தொலைபேசியை எடுத்தாள். "இன்னிக்கு நான் சும்மா விடறதா இல்லை. கடிதத்துக்குக் கீழே பேரைப் போடத் துப்பில்லை, நேரடி நம்பரை மட்டும் போட்டிருக்கான். இருபத்தாறு வருஷ நர்ஸ் எப்படித் திட்டுவான்னு அவனும் தெரிஞ்சுக்கட்டும்."

"வேண்டாம், லொரெய்ன்!" டெனீஸ் எழுந்தே விட்டாள். "டாக்டர் எழுதட்டும். அந்த நம்பர்ல யாரும் எடுக்க மாட்டாங்க."

"எடுக்கலேன்னா பதிவாகட்டும். என் குரலை அவன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கட்டும். நீயும் கேளு, உனக்கும் கொஞ்சம் ரோஷம் வரும்."

ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு எண்களை அழுத்தினாள். நான்கு முறை மணி அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு லொரெய்ன் தயாரானாள்.

சிரித்துக்கொண்டே பேசும் இனிமையான குரல் ஒன்று ஒலித்தது.

"ஹலோ, சிகிச்சை அனுமதி விதிகள் பிரிவுல இருந்து டெனீஸ் வர்பா பேசறேன். குழந்தை பிறக்கப்போறதால முன்கூட்டியே லீவுல இருக்கேன். நான் திரும்பி வர்ற வரைக்கும், நான் போட்டு வெச்சிருக்கற பட்டியல்படியே உங்களுக்குப் பதில் வந்துடும்."