ஒரே வார்த்தை தெரிந்த மணி

பனிமலைக் கணவாய் ஒன்றில் ஒரு சைக்கிள் மணி போய்க்கொண்டிருந்தது. ஏற்றம் தாங்காமல் சைக்கிள்காரி எப்போதோ இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். உச்சியைத் தாண்டியதும் மூடுபனி வந்து பாதையை விழுங்கிவிட்டது. ஒரு பக்கம் பெரும்பள்ளம். அது எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பக்கத்தில் ஏதோ கணகணத்தது.

"யாருங்க?" என்று சைக்கிள் மணி முணுமுணுத்தது.

"மாட்டுக் கழுத்து மணி. பட்டிக்கு இறங்கிட்டிருக்கோம்."

அதற்குள் சைக்கிள்காரி துணை கிடைத்த ஆவலில் மணியை அடித்துவிட்டாள். மாடு மிரண்டு விலகியது.

"அக்கா, போகாதீங்க!"

"நல்லா இருக்குடி! விலகு விலகுன்னு கத்தினது நீதானே?"

"சத்தமா சொல்ல எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லியே என் பக்கத்துல யாருமே நின்னதில்ல. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"இங்கே இருக்கேன், இங்கே இருக்கேன். அவ்வளவுதான். கன்னு தேடி வரணுமில்ல?"

ஓசை தேய்ந்து போயிற்று. இனிக் கூப்பிட்டாலும் விரட்டியதாகத்தானே ஆகும்? சைக்கிள் மணி வாயை மூடிக்கொண்டது. சுற்றிலும் வெள்ளை. ஒரு சத்தமில்லை.

கீழேயிருந்து குரல் வந்தது. "ஏன்டி, இருக்கியா? விலகுன்னே கத்தேன். நீ எங்கே நிக்கிறேன்னு தெரிஞ்சா போதும்."

அந்தக் கணகணப்பைக் கேட்டதும் சைக்கிள்காரியின் கட்டைவிரல் மறுபடி மணியை அழுத்தியது.

"விலகு! விலகு!" என்று மணி அழாத குறையாகக் கத்தியது.

கணகணவென்ற ஓசை திரும்பி, மூடுபனிக்குள் நெருங்கி வந்தது.