அலமாரிக்கு அடியில் ஒரு காப்பி மெஷின்

துளசி பொத்தானை அழுத்தினாள். அலமாரிக்கு அடியில் தொங்கிய காப்பி மெஷின் இருமிக்கொண்டே வேலையைத் தொடங்கியது.

முன்னறையில் அவள் கணவர் சிவசாமி சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எட்டு மணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தோட்டத்துப் பெரிய துரையைப் பார்த்து அவர் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

மூக்கு சரியாகிவிட்டதா, இல்லையா?

சிவசாமியின் வேலையே மூக்கில்தான் இருந்தது. அரைத்த இலையை மேஜையில் பரப்பியதும் குனிந்து முகர்வார். பச்சை வாசம் கழன்று பழ வாசம் ஏறும் நேரம் பார்த்து, இலையைக் காயவைக்கும் அடுப்புக்கு விடச் சொல்வார். முந்தினால் தேநீரில் பச்சை வாடை அடிக்கும். பிந்தினால் புளிப்புத் தட்டும். கடிகாரமும் கருவியும் அங்கே உண்டு. ஆனாலும் இருபத்தாறு வருடமாகக் கடைசி வார்த்தை அவருடையது.

போன வருடக் கடைசியில் ஒரு காய்ச்சல். பதினோரு நாளில் விட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அந்த மேஜையில் குணாளன் நிற்கிறான். நல்ல பையன், கற்றுக்கொண்டுதான் வருகிறான். மூக்கு சரியாகவில்லை என்று இன்று சிவசாமி சொன்னால் இடம் அவனுக்கு. சரியாகிவிட்டது என்று சொல்லி, மூக்கு ஏமாற்றிவிட்டால், தோட்டத்து லயத்துப் பெண்கள் பகலெல்லாம் பறித்த இலை பாழ்.

கிளினிக்கில் தாதி ஒரு வழி சொல்லியிருந்தாள். காட்டமான வாசனையைத் தினமும் முகர்ந்து பழக வேண்டும். காப்பி, கிராம்பு, எலுமிச்சை.

துளசி கிராம்பு டப்பாவை நீட்டிப் பார்த்தாள்.

"நான் என்ன நாயா, கண்டதையும் மோந்து பாக்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால்தான் மெஷின். யாரும் மூக்கை நீட்ட வேண்டாம். வாசனை தானாகவே வீட்டைச் சுற்றி வரும்.

ஆனால் அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அடுப்பும் சோற்றுக் குக்கரும் தொட்டியும் போக மேடையில் மீதி ஒரு சாண். துளசி அந்தச் சாணை நூலில் அளந்து, தானா ராத்தா டவுனில் மின்சாமான் கடை வைத்திருக்கும் மைமூனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இந்த இடத்துல பூனை கூட உக்காராதுக்கா. தொங்கத்தான் விடணும்லா," என்று சிரித்துவிட்டு, மைமூன் இதை எடுத்துக் கொடுத்தாள்.

மாட்டியது சுலபம். அதோடு குடும்பம் நடத்துவதுதான் பாடு. ஆவி பட்டுப் பட்டு அலமாரியின் அடிப்பலகை உப்பியது. கதவு சாத்த மறுத்தது. காப்பி இறங்கும் முன் உப்பையும் சீனியையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் நெற்றியில் இடிக்கும். துளசி ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதம், காலை தவறாமல் அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

போன மாதம் ஒரு நாள், மெஷின் இருமியதும் முன்னறையிலிருந்து குரல் வந்தது, காப்பி வாசம் வருகிறதென்று. துளசி கரண்டியைப் போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினாள். அதற்குப் பிறகு அவர் தினமும் சொன்னார்.

இன்றும் சொன்னார்.

"வாசல் வரைக்கும் தூக்குது, துளசி."

அவள் டின் பாலை ஊற்றிக் கலக்கிக் கொண்டுவந்தாள். சிவசாமி ஒரு வாய் குடித்தார்.

"இன்னிக்குத் திக்கா இருக்கு. புதுத் தூளா?"

துளசி சமையலறைப் பக்கம் திரும்பி மெஷினைப் பார்த்தாள்.

முந்தாநாள் கரண்டு இல்லை. அடுப்பில் சட்டி வைத்துக் காப்பியைக் கொதிக்கவிட்டாள். அடுத்த வீட்டு நளினிகூட எட்டிப் பார்த்து, எனக்கு ஒரு வாய் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனாள். சிவசாமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மெஷின் இருமவில்லை. இருமலைக் கேட்டுத்தான் வாசம் என்கிறாரோ?

அதனால் இன்று வடிகட்டியில் துளசி போட்டது காப்பித் தூள் இல்லை. தேயிலை. காய்ச்சலுக்கு முன் அவரே முகர்ந்து அடுப்புக்கு அனுப்பிய தேயிலை.

"அது காப்பி இல்லைங்க. காய்ச்சலுக்கு முந்தி நீங்க அனுப்பின தேயிலை," என்றாள்.

சிவசாமி கிளாசைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சூடு தெரியுது. இனிப்பு தெரியுது," என்றார் கடைசியில். "வேற ஒண்ணும் இல்ல. நீ படுற பாட்டப் பாத்துட்டு, இல்லன்னு சொல்ல வாய் வரல."



அவர் கிளாசைக் கீழே வைத்தார். துரையிடம் தானே உள்ளதைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். செருப்பை மாட்டியவர், என்ன நினைத்தாரோ, அதைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனார். மெஷினின் வடிகட்டியை உருவி, ஆவி பறக்கும் சக்கையோடு அவளிடம் நீட்டினார்.

"எப்படி மணக்குது, சொல்லு."

"நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னு டூரிஸ்ட்டு சொல்லுவான். நீ சொல்லு."

துளசி கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"மொதல்ல பழ வாசம். அப்புறம்…" இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். "அடியில கொஞ்சம் புளிப்பு."

சிவசாமி மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப அன்னிக்கு நான் ரெண்டு நிமிஷம் பிந்திட்டேன்," என்றார்.