மெமரியைத் தின்றது யார்?

"மெமரியை எவன் தின்னான்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். உன் பிரின்ட் புரோகிராம் மேலதாம்மா எனக்குச் சந்தேகம்!"

பிரின்ட் நிரலை எழுதியவளைப் பார்த்து மேலாளர் கத்தியதில் மொத்த அலுவலகமும் திரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவருக்கு அங்கே 'சிசிடிவி' என்று பெயர். அவர்கள் உருவாக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில், எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தை எடுக்கிறது என்று அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேவு பார்க்கும் நிரலை அவரே எழுதியிருந்தார். அப்படியும் சிஸ்டம் நாளுக்கு நாள் ஆமையாகிக்கொண்டே வந்தது.

"சார், என் புரோகிராம் ரொம்பச் சின்னது..."

"பக்கத்து சீட்டுத் தம்பியும் நேத்து இதையேதான் சொன்னான். இப்ப எங்கே அவன்?"

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்கோ இது அலையாய் அலைந்து கிடைத்த வேலை.

"புதுச் சட்டம் போடறேன், எழுதிக்கோ. அதிகமா தின்ற புரோகிராமை கெர்னலே மூடிடணும். அதை எழுதின ஆளோட அடையாள அட்டையும் அந்த நிமிஷமே செத்துடணும். மனுஷங்ககிட்ட விட்டா இரக்கம் பார்ப்பாங்க."

"யாருக்காவது விதிவிலக்கு உண்டா, சார்?"

"எங்கப்பா எழுதினதா இருந்தாலும் கிடையாது! விதிவிலக்குன்னு எங்கயாவது ஒரு வரி கண்ணுல பட்டா, அதை அழிச்சிட்டுத்தான் உனக்கு மறுவேலை."

சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்க வெளியே போனார்.

அவள் தேடினாள். அப்படி ஒரே ஒரு வரிதான் அகப்பட்டது. இரண்டு முறை படித்துப் பார்த்தாள். உத்தரவு உத்தரவுதானே என்று அழித்தாள். புதுச் சட்டத்தை ஏற்றிப் பொத்தானைத் தட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அக்கா, என்ன பண்ணீங்க? சிஸ்டம் பறக்குது! பாதி மெமரி காலியா கிடக்கு!" எதிர் மேசைப் பெண் கூவினாள்.

கண்ணைத் திறந்தாள். அவளுடைய பிரின்ட் நிரல் உயிரோடு இருந்தது. போன மூச்சு திரும்பி வந்தது.

அப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே பீப், பீப் என்று சத்தம். மேலாளர் அட்டையைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். கதவு மசியவில்லை.

"யாராவது கதவைத் திறங்கப்பா! என் அட்டைக்கு என்ன ஆச்சு?"

அவள் அழித்த வரி, அவருடைய வேவு நிரலில் அவரே எழுதி வைத்திருந்தது: 'எல்லோரையும் கணக்கெடு, என்னைத் தவிர.'