கருடன் வந்த கொல்லை

"ஆடாதீங்க சார், பெருமாள் வாகனம் வந்துடுச்சு!" என்று கிசுகிசுத்து, அப்பாவு கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொல்லைக் கொட்டகையின் கூரைமேல் கருடன் வந்து உட்கார்ந்தது. காமிராக்காரர் மளமளவென்று நாலு படம் எடுத்தார்.

பெருமாள் வாகனம் ஒன்றும் சும்மா வரவில்லை. பத்து நாளாக அப்பாவு ஒரகடத்துக் கோழிக்கடையிலிருந்து குடல் வாங்கிவந்து கூரைமேல் வீசிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையும் அதுவுமா வூட்ல கோழிக் கொடலா?" என்று மனைவி கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நமக்கா வாங்கினேன்? கருடனுக்குடி!"

வேறென்ன செய்வார் மனுஷன்? 1991-ஆம் வருஷம் அது. கம்பெனி கட்ட இடம் தேடி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அளக்கிற சங்கிலி பக்கத்துத் தோட்டம் வரை வந்துவிட்டது. வீடும் கொல்லையும் போய்விடுமோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அபூர்வப் பறவை வர்ற எடம்னு பேப்பர்ல போட்டோ வந்தா, ஒருத்தனும் கை வைக்க மாட்டான்" என்று டீக்கடையில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். உடனே அப்பாவு பத்திரிகைக்குக் கடுதாசி எழுதினார். ஊர் முழுக்கத் தம்பட்டமும் அடித்தார்.

இன்று காலை ஜீப்பில் காமிராவும் கையுமாக ஒருவர் வந்து இறங்கி, "இங்கதான் கருடன் வட்டம் போடுதாமே?" என்றார். அப்பாவு பேர்கூடக் கேட்கவில்லை. மோரைக் கொடுத்துக் கொல்லைக்கு அழைத்து வந்துவிட்டார்.

"தினமும் வருதா?"

"மூணு வேளையும் வருது சார். மூணு தபா சுத்திக்கினுதான் குந்தும்!"

"யாராவது இரை வைக்கிறீங்களா?"

"சேச்சே! தானா வருது சார். அதும் மனசுல இன்னா கீதோ!"

கிளியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காமிராக்காரர் நோட்டில் குறித்துக்கொண்டார். "இதுல ஈசானி மூலை எது?"

"அதோ, கெணத்தாண்ட."

கிணற்றையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். படித்தவர், எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார் என்று அப்பாவு பூரித்துப்போனார். இனி எந்தக் கொம்பன் வந்தாலும் இந்த மண்ணைத் தொட முடியாது!

ரோல் தீர்ந்தது. ஜீப்பில் ஏறப்போனவரிடம் கிளியம்மாள்தான் கேட்டாள். "எந்தப் பேப்பர்ல சார் வரும்?"

"பேப்பரா? நான் கம்பெனி ஆளும்மா" என்று அவர் சிரித்தார். "கருடன் தானா வந்து சுத்துற இடத்துலதான் ஃபேக்டரி கட்டணும்னு எங்க முதலாளி ஒத்தக் கால்ல நிக்கிறாரு!"